ஸபிர் எனும் கற்றாழை: மருந்தும் மஸ்அலாவும்

அல்லாஹு தஆலா எந்த நோயையும் அதற்குரிய நிவாரணமின்றி இறக்கவில்லை என்பது நம் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் நமக்குக் கற்பித்த பாடமாகும். அந்த நிவாரணங்களுள் சில எட்டாத மலைகளிலும் ஆழ்கடலிலும் இருக்கலாம். சிலவோ நம் வீட்டுக் கொல்லையிலும் கிணற்றடியிலும் மாடித் தொட்டியிலும் நம் கண் முன்னேயே வளர்கின்றன. அத்தகைய ஒன்றுதான் சோற்றுக் கற்றாழை. தண்ணீர் ஊற்ற மறந்தாலும் எளிதில் வாடாது. ஆடு மாடுகள் பெரும்பாலும் வாய் வைக்கா. ஒன்றை நட்டால் பக்கத்திலேயே பல கன்றுகள் விடும். அதனால்தான் நம் ஊர்களில் ஏழை வீடு, செல்வர் வீடு என்ற பேதமின்றி இச்செடியைக் காண்கிறோம்.

இதைப் பற்றி எழுத வேண்டிய கடன் ஒன்று எனக்கு உண்டு. நான் செய்த ஒரு தவறே அந்தக் கடனுக்குக் காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

2018-ஆம் ஆண்டின் ரமலான் மே மாத நடுவில் தொடங்கிற்று. கடுங்கோடை. நான் இமாமத் பணிக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தராவீஹ் தொழுகைக்குப் பின் பத்து நிமிடம் பயான் செய்வது எங்கள் பள்ளிவாசலில் வழக்கம். ஓரிரவு நோன்பாளிகளின் தாகத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஸஹர் நேரத்தில் ஒரு குவளை கற்றாழைச் சாறு குடியுங்கள், உடல் குளிர்ச்சியடையும், இது ஹதீஸிலேயே வந்துள்ள மருந்து" என்று சொல்லிவிட்டேன். ஹதீஸில் கற்றாழை வந்திருப்பது உண்மை. கோடையில் என் நன்னி எங்களுக்குக் கற்றாழைச் சோறு ஊட்டியதும் உண்மை. ஆனால் இவ்விரண்டையும் ஒட்டவைத்து நான் சொன்ன சொல் உண்மையாக இல்லை.

இரண்டு நாட்கள் சென்றன. எங்கள் மஹல்லாவில் கொத்து வேலை செய்யும் இளைஞர் ஒருவர், ஸஹர் நேரத்தில் கற்றாழை மடல்கள் இரண்டைத் தோலோடு மிக்ஸியில் அரைத்து, வடிகட்டி, சர்க்கரை சேர்த்துக் குடித்திருக்கிறார். சகிக்க முடியாத கசப்பு. 'ஹதீஸில் வந்த மருந்தல்லவா, கசக்கத்தான் செய்யும்' என்று எண்ணி முழுவதையும் குடித்து முடித்துவிட்டார். முற்பகலில் வேலை செய்யும் இடத்தில் வயிற்றை முறுக்கிப் பிடித்தது. அதன்பின் பேதி நிற்கவேயில்லை. லுஹர் பாங்கு சொல்லும் முன் மயங்கி விழுந்தார். சாரத்திலிருந்து கீழே இறங்கிய பிறகே விழுந்தார் என்பது அல்லாஹ்வின் பெருங்கிருபை. மருத்துவமனையில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

அன்று மாலை அவரைப் பார்க்கச் சென்றேன். அவர் என்னைக் குறை கூறவில்லை. "ஹஜ்ரத், நோன்பு முறிஞ்சு போச்சே, கஃப்பாரா ஏதாச்சும் கொடுக்கணுங்களா?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வி என் நெஞ்சில் தைத்தது. நோயின் காரணமாக விட்ட நோன்புக்குக் கஃப்பாரா இல்லை, ரமலானுக்குப் பின் அந்த ஒரு நோன்பைக் களாச் செய்தால் போதும் என்று சொல்லி அவர் மனத்தைத் தேற்றினேன். என் மனத்தைத் தேற்றத்தான் ஆளில்லை.

இரவு என் உஸ்தாதிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர்கள் ஒரேயொரு ஹதீஸை எனக்கு நினைவூட்டினார்கள். வைத்தியம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்தால், விளையும் கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்துடைய அந்த ஹதீஸ் அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் உள்ளது. மதரஸாவில் நானே மாணவர்களுக்கு நடத்திய ஹதீஸ் அது! "நீ சொல்லத்தான் செய்தாய், ஊற்றிக் கொடுக்கவில்லை. ஆகவே ஈடு உன்மேல் வராது என்று கிதாபை வைத்து வாதிக்கலாம். நாளை அல்லாஹ்வின் சன்னிதானத்தில் அந்த வாதம் செல்லுமா என்று யோசித்துக் கொள். பயானில் சொன்னதைப் பயானிலேயே திருத்து" என்றார்கள்.

அடுத்த ஜும்ஆவில் மக்கள் முன்னிலையில் என் பிழையை ஒப்புக்கொண்டு திருத்திச் சொன்னேன். அதன்பின் சித்த வைத்தியர்களிடமும் யூனானி ஹகீமிடமும் கேட்டும், நூல்களைப் புரட்டியும் அறிந்தவற்றையே இங்கே தருகிறேன்.

ஒரு மடல், இரண்டு பொருள்கள்

கற்றாழை மடலைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளியே தடித்த பச்சைத் தோல். அதன் உட்புறத்தை ஒட்டி வரிசையாக அமைந்த நுண்குழாய்களிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு பால் கசியும். அதற்கும் உள்ளே கண்ணாடி போன்று வழுவழுப்பாக இருப்பதுதான் சோறு. இம்மூன்றும் ஒரே மடலில் இருந்தாலும் பாலின் குணம் வேறு, சோற்றின் குணம் வேறு.

சோற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர்தான். மீதியில் கொழகொழப்பைத் தரும் மாச்சத்து வகைகள் உள்ளன. அது குளிர்ச்சி தரும். தோலின் ஈரத்தைக் காக்கும்.

மஞ்சள் பாலோ கடும் பேதி மருந்து. அதில் அலோயின் என்னும் கசப்புப் பொருள் இருக்கிறது. அது பெருங்குடலை அடைந்த பிறகே வேலை செய்யத் தொடங்கும். ஆகவே உண்டு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே பேதியாகும். ஸஹரில் குடித்தவருக்கு முற்பகலில் வயிறு பிடித்ததன் காரணம் இதுதான். இப்பாலைக் காய்ச்சி உலர்த்திய கருங்கட்டியையே நம் நாட்டு மருந்துக் கடைகளில் கரியபோளம் என்றும் மூசாம்பரம் என்றும் விற்கிறார்கள். யூனானி ஹகீம்கள் முஸப்பர் என்பார்கள். அரபியில் ஸபிர் என்று சொல்லப்படுவதும் இதுவே.

உலக சுகாதார அமைப்பு 1999-இல் வெளியிட்ட மூலிகை நூலில், மலச்சிக்கலுக்கு இந்த உலர்ந்த சாற்றைக் கொடுக்கும் அளவு, வகைக்கேற்ப ஒரு கிராமில் இருபத்தைந்தில் ஒரு பங்கிலிருந்து ஆறில் ஒரு பங்கு வரை மட்டுமே. அதையும் தொடர்ந்து ஓரிரு வாரங்களுக்கு மேல் உட்கொள்ளக் கூடாது. இத்தனை சிறிய அளவில் எடுக்க வேண்டிய பொருளைத்தான் அந்த இளைஞர் அளவின்றிக் குடித்துவிட்டார்.

நன்னியின் கைப்பக்குவம்

இந்த வேறுபாட்டை எந்த நூலும் படிக்காத என் நன்னி அறிந்திருந்தார்கள். செடியின் அடியிலுள்ள முற்றிய மடலை அறுத்து, வெட்டுவாய் கீழே இருக்குமாறு ஒரு கிண்ணத்தில் நிறுத்தி வைப்பார்கள். சிறுவனான நான் அவசரப்பட்டால், "மஞ்சத் தண்ணி வடியட்டும்டா, அது வயித்தைக் கெடுத்துடும்" என்பார்கள். நன்றாக வடிந்த பிறகு இருபுறத்து முள்ளையும் சீவி, தோலைத் தடிப்பாகவே நீக்கி, சோற்றைத் துண்டுகளாக்கி, ஏழு தண்ணீரில் அலசுவார்கள். கடைசியில் தாம் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்து, கசப்பு இல்லையென்றால்தான் மோரில் போட்டுக் கொடுப்பார்கள். அதுவும் பிள்ளைக்கு இரண்டு துண்டுதான்.

ஏழு தண்ணீர் என்பது வைத்தியர்களும் சொல்லும் கணக்குதான். மஞ்சளும் கசப்பும் போகும்வரை கழுவ வேண்டும் என்பதே அதன் கருத்து. நான் பயானில் 'கற்றாழை' என்ற பெயரை மட்டும் சொன்னேன். அந்தக் கிண்ணத்தையும் ஏழு தண்ணீரையும் சொல்ல மறந்தேன். பாட்டிமார்களின் வைத்தியம் பெயரில் இல்லை, பக்குவத்தில் இருக்கிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

ஹதீஸ்களில் ஸபிர்

இப்போது ஹதீஸ்களுக்கு வருவோம். பொறுமையைக் குறிக்கும் 'ஸப்ரு'ம் இம்மருந்தைக் குறிக்கும் 'ஸபிரு'ம் ஸாத், பா, ரா என்ற அதே மூன்று எழுத்துக்களால் ஆனவை. முன்னதில் 'பா'வுக்கு ஸுகூன். பின்னதில் 'பா'வுக்கு ஸேர். பொறுமையும் கசக்கத்தான் செய்கிறது!

முதல் ஹதீஸ், ஸஹீஹ் முஸ்லிமில் ஹஜ்ஜுடைய பாடத்தில் உள்ளது. ஹஜ்ஜுப் பயணத்தில் இஹ்ராமுடன் இருந்த உமர் இப்னு உபைதுல்லாஹ் என்பவருக்குக் கண்வலி கண்டது. ரவ்ஹா என்ற இடத்தை அடைந்தபோது வலி கடுமையாயிற்று. என்ன செய்வதென்று உஸ்மான் (ரலி) அவர்களின் புதல்வர் அபான் (ரஹ்) அவர்களிடம் ஆளனுப்பிக் கேட்டார். ஸபிரைக் கண்களின் மீது பற்றிடுமாறு அபான் சொல்லியனுப்பினார்கள். இஹ்ராமில் இருப்பவருக்குக் கண்வலி வந்தால் அவ்வாறு செய்யும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதைத் தம் தந்தை உஸ்மான் (ரலி) அறிவித்ததாகவும் தெரிவித்தார்கள்.

இரண்டாவது ஹதீஸ், அபூதாவூதிலும் நஸாயீயிலும் உள்ளது. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் தம் கணவர் அபூ ஸலமா (ரலி) வஃபாத்தான பின் இத்தாவில் இருந்தபோது முகத்தில் ஸபிர் பூசியிருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அது என்னவென்று வினவ, அது ஸபிர்தான், அதில் நறுமணம் ஏதுமில்லை என்று பதிலளித்தார்கள். அது முகத்துக்குப் பொலிவைத் தருவதால் இரவில் மட்டும் பூசிப் பகலில் நீக்கிவிடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இதன் அறிவிப்பாளர் தொடரைச் சிலர் குறை கூறியுள்ளனர் எனினும், இமாம் இப்னு ஹஜர் அல் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் புலூகுல் மராம் நூலில் இதை ஹஸன் தரத்தில் வைத்திருக்கிறார்கள்.

இவ்விரு ஹதீஸ்களையும் நிதானமாகக் கவனியுங்கள். ஒன்றில் கண்ணின் மீது பற்று. மற்றொன்றில் முகத்தின் மீது பூச்சு. இரண்டும் வெளிப்பூச்சு. இரண்டிலும் எவரும் அதைக் குடிக்கவில்லை. ஆகவே 'கற்றாழைச் சாறு குடிப்பது ஹதீஸில் வந்த மருந்து' என்று நான் சொன்னது, நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லாத ஒன்றை அவர்கள் பெயரால் சொன்னதாகவே ஆயிற்று. அந்த இளைஞர் கசப்பைப் பொறுத்துக் குடித்தது கற்றாழையின் பெயருக்காக அன்று; ஹதீஸ் என்ற பெயருக்காக. ஹதீஸின் பெயரைச் சொல்லும் நாவு எவ்வளவு அஞ்ச வேண்டும்!

இன்னொன்றும் இதில் விளங்குகிறது. ஒரே பொருள் இஹ்ராமில் தடையின்றி அனுமதிக்கப்பட்டது. இத்தாவில் நேரம் குறிக்கப்பட்டது. இஹ்ராமில் பார்க்க வேண்டியது நறுமணம். ஸபிரில் அது இல்லை. இத்தாவில் அலங்காரத்தையும் பார்க்க வேண்டும். ஸபிரில் அது உண்டு. இவ்வாறு பொருளின் பெயரோடு நில்லாமல், அதன் குணத்தையும் பயன்படுத்துபவரின் நிலையையும் சேர்த்துப் பார்த்தே ஷரீஅத் சட்டம் சொல்கிறது. நல்ல வைத்தியரும் அப்படித்தான் பார்க்கிறார்.

ஹகீம்கள் கண்ட பயன்கள்

நாம் வீட்டில் வளர்க்கும் வகையின் பூர்வீகம் அரபுத் தீபகற்பத்தின் ஓமன் பகுதி என்று தாவர ஆய்வாளர்கள் கருதுகின்றனர். யமன் நாட்டைச் சேர்ந்த ஸுகுத்ரா தீவில் வளர்வது இதற்கு உறவான வேறொரு வகை. இப்னு ஸீனா (980 - 1037) தமது 'கானூன்' நூலில் ஸபிரின் வகைகளைக் கூறி, ஸுகுத்ராவிலிருந்து வருவதையே மேலானதாகச் சொல்கிறார். இமாம் இப்னுல் கய்யிம் (1292 - 1350) தமது 'ஸாதுல் மஆத்' நூலின் மருத்துவப் பகுதியில் ஸபிருக்குத் தனி இடம் அளித்து, மேலே கண்ட உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஹதீஸையும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

அந்த ஹகீம்கள் ஸபிரைத் தனியே உள்ளுக்குக் கொடுக்கத் தயங்கினார்கள். அதன் கடுமையைத் தணிக்க மஸ்தகி முதலிய சரக்குகளைக் கூட்டினார்கள். கிரேக்கரிடமிருந்து வந்து இன்றும் யூனானியில் வழங்கும் 'அயாரிஜ் ஃபைக்ரா' என்ற கூட்டு மருந்து ஸபிரை அடிப்படையாகக் கொண்டதே.

நம் தமிழ்நாட்டுச் சித்த வைத்தியத்தில் கற்றாழைக்குக் குமரி என்று பெயர். குமரி எண்ணெய், குமரி லேகியம் என்பவை பெயர் பெற்றவை. வீட்டு வைத்தியத்தில் இதன் பயன்களையும், இன்று நாம் அறிந்தவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தீப்புண்: அடுப்படியில் கை சுட்டால் கற்றாழைச் சோற்றைத் தடவுவது பெண்களின் வழக்கம். சிறிய, மேலோட்டமான தீப்புண் விரைவில் ஆற இது உதவுவதாக ஆய்வுகளும் காட்டுகின்றன. ஆனால் முதலில் செய்ய வேண்டியது, சுட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுவது. கொப்புளம் பெரிதாயினும், முகத்தில் பட்டாலும், குழந்தைக்குப் பட்டாலும் மருத்துவமனைக்கே செல்ல வேண்டும்.

தோல், முடி: வெயிலில் கன்றிய தோலுக்கும் வறண்ட தோலுக்கும் சோறு இதம் தரும். தேங்காய் எண்ணெயில் சோற்றைக் காய்ச்சித் தலைக்குத் தேய்ப்பார்கள். சிலருக்கு இது ஒவ்வாமல் அரிப்பு உண்டாகும். முதலில் முன்கையில் சிறிது தடவி ஒருநாள் பார்ப்பது நல்லது.

அடிபட்ட வீக்கம்: இரத்தக்கட்டுக்கு மூசாம்பரத்தைக் கோழிமுட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பற்றுப் போடுவது நம் ஊர்களில் இன்றும் உண்டு. எலும்பு முறிவு இல்லையென்று தெரிந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். தோல் கிழிந்த காயத்தில் போடக் கூடாது.

உடற்சூடு: நன்றாகக் கழுவிய சோற்றை மோரிலோ பனைவெல்லத்துடனோ உண்பார்கள். பக்குவம் சரியாக இருந்து அளவும் சிறிதாக இருந்தால் பெரும்பாலோருக்குத் தொல்லை தராது. நீரிழிவு மருந்து உண்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். சர்க்கரை அளவு மேலும் தாழக்கூடும்.

பால்குடி மறக்கச் செய்தல்: தாய்மார்கள் கரியபோளத்தை மார்பில் பூசிக் குழந்தைக்குப் பால் மறக்கச் செய்யும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இதைக் கைவிடுவதே நலம். பேதி மருந்தைப் பச்சிளம் குழந்தையின் வாயில் வைப்பது அல்லவா இது?

கண்வலி: ஹதீஸில் வந்துள்ளதே, கண்ணில் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஹதீஸ் சொல்வது மேற்பற்று; கண்ணுக்குள் விடும் சொட்டு அன்று. அன்றைய பாலைவனப் பயணத்தில் கையில் இருந்த நல்ல மருந்து அது. இன்று கண்ணின் நோய் எதுவென்று பார்த்துச் சொல்லும் மருத்துவர் இருக்கும்போது, மடலை உடைத்துக் கண்ணில் பிழிவது ஸுன்னத்தும் ஆகாது, வைத்தியமும் ஆகாது.

யார் விலக வேண்டும்?

மஞ்சள் பால், அல்லது அது கலந்த முழுமடல் சாறு பின்வருவோருக்கு ஆகாது: கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள், குடலில் புண்ணோ அடைப்போ உள்ளவர்கள், சிறுநீரக நோயாளிகள், இதய நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உண்பவர்கள். பேதியினால் உடலிலுள்ள பொட்டாசியம் என்னும் உப்பு குறைந்து, இதயத் துடிப்பே தடுமாறக்கூடும்.

அமெரிக்காவில், மருத்துவர் சீட்டின்றி விற்கப்படும் பேதி மருந்துகளில் கற்றாழைப் பாலைச் சேர்ப்பதை 2002-இல் அரசு நிறுத்தியது. முழுமடல் சாற்றை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஏட்டில் சேர்த்துள்ளது. இது முழுமடல் சாற்றைப் பற்றிய எச்சரிக்கை. கையில் தடவும் சோற்றைப் பற்றியதன்று. பீதியும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

வேலியோரத்தில் வளரும் ஆனைக் கற்றாழையைச் சோற்றுக் கற்றாழை என்று மயங்கிவிடவும் கூடாது. அது நார் எடுக்கும் வேறு இனம். அதன் சாறு பட்டாலே தோல் எரிந்து தடிக்கும்.

சில மஸ்அலாக்கள்

1. நோன்பு: நோன்புடன் தோலிலோ தலையிலோ கற்றாழை தடவுவதால் நோன்பு முறியாது. ஸஹரில் உண்டதால் பகலில் பேதியானாலும் பேதியினால் நோன்பு முறிவதில்லை. ஆயினும் உயிருக்கோ உடலுக்கோ கேடு வரும் என அஞ்சும் நிலையில் நோன்பை விட்டு மருந்து உண்ணலாம். பின்னர் களாச் செய்ய வேண்டும். வீணாக உடலை வதைத்துக்கொள்வது வணக்கமாகாது.

2. ஒளு, குளிப்பு: தடவிய சோறு தோலில் காய்ந்து ஏடாகப் படிந்திருந்தாலும், மூசாம்பரப் பற்று உறைந்திருந்தாலும் தண்ணீர் தோலில் படாது. ஆகவே முதலில் அதைக் கழுவி நீக்க வேண்டும். நீக்கினால் புண்ணுக்குக் கேடு வருமெனில், கட்டுப் போட்ட காயத்துக்குரிய மஸஹ் சட்டம் இதற்கும் பொருந்தும். அதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளுக்கிடையே விவரங்கள் வேறுபடுவதால் உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக் கொள்க.

3. இஹ்ராம்: ஹாஜிகள் நடந்து தொடை உராய்ந்து புண்ணாகும்போது கற்றாழை ஜெல் தடவுகிறார்கள். செடியிலிருந்து எடுத்த சோற்றில் நறுமணம் இல்லை, அது கூடும். கடையில் விற்கும் பல ஜெல்களில் வாசனைப் பொருள் கலக்கப்படுகிறது. அத்தகையதை இஹ்ராமில் தடவினால் ஃபித்யா பற்றிய பிரச்சினை எழும். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முதல் ஹதீஸின் விரிவுரையில், நறுமணமில்லாத மருந்துக்கு ஃபித்யா இல்லை என்றும், நறுமணமுள்ளது தேவைப்பட்டால் அதைப் பயன்படுத்தி ஃபித்யா கொடுக்க வேண்டும் என்றும் உலமாக்களின் கருத்தைக் கூறியிருக்கிறார்கள். ஆகவே ஊரிலிருந்து புறப்படும் முன்பே, வாசனை சேர்க்காதது என்று உறையில் எழுதியிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள்.

4. இத்தா: கணவரை இழந்து இத்தா இருக்கும் சகோதரி, புண்ணுக்கோ எரிச்சலுக்கோ மருந்தாகக் கற்றாழை தடவிக் கொள்வது கூடும். முகத்தில் பூச நேர்ந்தால் இரவில் பூசிப் பகலில் கழுவிவிட வேண்டும். வாசனையுள்ளதைத் தவிர்க்க வேண்டும். துக்கத்தில் இருக்கும் பெண்ணுக்கு மருந்தையே மறுக்கும் கடுமை சில வீடுகளில் காணப்படுகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் உம்மு ஸலமா (ரலி) அவர்களுக்கு மருந்தை மறுக்கவில்லை என்பதை அவ்வீட்டார் நினைவில் கொள்ளட்டும்.

நிலைப்படியில் தொங்கும் கற்றாழை

புது வீடு கட்டியதும் கற்றாழையை வேரோடு பிடுங்கித் தலைகீழாக நிலைப்படியில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். நம்மவர் வீடுகளிலும் இதைப் பார்க்கிறேன். கேட்டால் கண்ணேறு அண்டாது என்கிறார்கள். இது நம் நாட்டில் மட்டும் உள்ள பழக்கமும் அன்று. கெய்ரோ மக்கள் புது வீட்டு வாசலில் கற்றாழையைத் தொங்கவிட்டதை எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் 1836-இல் வெளியான தம் நூலில் குறித்திருக்கிறார்.

மண்ணும் நீருமின்றி அது மாதக்கணக்கில் வாடாமல் இருப்பதைக் கண்டு அதில் ஏதோ சக்தி இருப்பதாக மக்கள் மயங்குகிறார்கள். அதன் தடித்த மடலில் அல்லாஹ் தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கிறான். மற்றச் செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறக்க, இதுவோ பகலில் மூடிக்கொண்டு இரவில் திறக்கிறது. அதனால் தண்ணீர் ஆவியாவது குறைகிறது. பாலைவனத்துக்கென்றே படைத்தவன் கொடுத்த அமைப்பு அது. அதைக் கண்டு படைத்தவனைப் புகழ்வதை விட்டுவிட்டு, செடியிடமே பாதுகாப்புத் தேடுவதா? கண்ணேறு உண்மை என்று ஹதீஸில் வந்திருக்கிறது. அதற்குப் பாதுகாப்பாகக் குல் அஊது ஸூராக்கள் இரண்டும் நமக்குத் தரப்பட்டிருக்கின்றன. தாயத்தாக எதையும் தொங்கவிடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள். நிலைப்படியில் காயும் அந்தச் செடியை அவிழ்த்துத் தொட்டியில் நடுங்கள். அடுப்படியில் கை சுடும் நாளில் உதவும்.

முடிவாக ஒரு வார்த்தை

செடியைப் பற்றி ஷரீஅத் தந்த பாடமும், நன்னி தந்த பாடமும், இன்றைய ஆய்வு தந்த பாடமும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன: எந்தப் பகுதி, யாருக்கு, எவ்வளவு, எப்படி என்று அறியும் முன் எதையும் சொல்லாதே. சொல்பவர் மிம்பரில் இருந்தால் இந்தப் பொறுப்பு இரட்டிப்பாகிறது. கைப்பேசியில் வரும் வைத்தியக் குறிப்புகளை 'நபிமருத்துவம்' என்ற தலைப்பிட்டுப் பத்துப் பேருக்கு அனுப்பும் சகோதரர்களும் தங்களை அந்த ஹதீஸுக்கு வெளியே இருப்பதாக எண்ண வேண்டாம்.

அந்த இளைஞர் ஷவ்வால் மாதத்திலேயே தம் நோன்பைக் களாச் செய்துவிட்டார். அன்று இஃப்தாருக்கு என்னையும் வீட்டுக்கு அழைத்தார். என் முன் வைத்த மோரில் கண்ணாடித் துண்டுகள் போலக் கற்றாழைச் சோறு மிதந்தது. "ஏழு தண்ணி அலசியாச்சு ஹஜ்ரத், பயப்படாமக் குடிங்க" என்று சிரித்தார். பிஸ்மி சொல்லிக் குடித்தேன். கசப்பு இல்லை.

வல்ல ரஹ்மான் நமக்குப் பயனுள்ள அறிவைத் தந்து, அறியாததைப் பேசுவதிலிருந்து நம் நாவுகளைக் காத்து, நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.